பக்கவாத சிகிச்சை: இரவிலும் உண்டா என்று சொல்லட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கத்தியின்றி, தழும்பின்றி மூளைக்கும் முதுகுத்தண்டுக்கும் சிகிச்சை அளிப்பதாகத் தனியார் மருத்துவமனைகள் செய்யும் விளம்பரங்கள் சென்னையில் பெருகிவருகின்றன. கதிரியக்கப் பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்ற முறையில், அவற்றில் விடுபட்டுப்போகும் ஒரு செய்தியைத் தங்கள் நாளிதழ் வழியாக முன்வைக்க விரும்புகிறேன்.

பக்கவாதத்துக்கு அளிக்கும் இந்தச் சிகிச்சையைக் குறை சொல்வதற்கில்லை. தொடை இடுக்கிலோ மணிக்கட்டிலோ உள்ள தமனியில் சிறு துளையிட்டு, எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடியே கதீட்டர் என்னும் மெல்லிய குழாயை மூளையின் ரத்தக்குழாய் வரை செலுத்தி, அங்கே அடைத்திருக்கும் ரத்தக்கட்டியை வலைபோன்ற ஸ்டென்டால் பற்றி இழுத்தோ, உறிஞ்சியோ வெளியே எடுத்துவிடுகிறார்கள். 1927-இல் போர்ச்சுகல் மருத்துவர் ஏகாஸ் மோனிஸ் மூளையின் ரத்தக்குழாய்களை முதன்முதலில் படமெடுத்துக் காட்டியதிலிருந்து வளர்ந்த துறை இது. பெரிய ரத்தக்குழாய் அடைபட்டவர்களுக்கு இம்முறை பயன் தருகிறது என்பதை 2015-இல் வெளியான ஐந்து ஆய்வுகள் ஐயத்துக்கு இடமின்றி நிறுவின.

ஆனால் இந்தச் சிகிச்சையின் பலன் தழும்பு இல்லாததில் இல்லை, நேரத்தில் இருக்கிறது. பெரிய ரத்தக்குழாய் அடைபட்ட மூளையில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்பது 2006-இல் வெளியான ஒரு கணக்கு. கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். கட்டியை இழுத்தெடுக்கும் சிகிச்சையைச் சிலருக்கு 24 மணி நேரம் வரைகூடச் செய்யலாம் என்று 2018-இல் வந்த ஆய்வு காட்டியது உண்மைதான். எனினும் அது ஸ்கேனில் காப்பாற்றத்தக்க மூளைப்பகுதி இன்னும் மிச்சமிருப்போருக்கு மட்டுமே பொருந்தும். ‘ஒரு நாள் இருக்கிறதே’ என்று அதைப் புரிந்துகொண்டு, வாய் கோணியவருக்குச் சோடா வாங்கிக் கொடுத்து விடியும்வரை படுக்கவைப்பவர்களை என்ன சொல்வது!

குடும்பத்தார் விரைந்தாலும் தாமதம் தீர்வதில்லை. பக்கத்துத் தெரு மருத்துவமனையில் சி.டி. ஸ்கேன் எடுத்து, அது ரத்தக்கசிவன்று, அடைப்புதான் என்று தெரிந்த பிறகே, அங்கே கதீட்டர் செலுத்துவதற்கான அறையான கேத் லேப் இல்லை என்பதும், இருந்தாலும் இரவில் அதற்குரிய மருத்துவர் இல்லை என்பதும் தெரியவருகின்றன. பிறகு வேறு ஆம்புலன்ஸ், வேறு மருத்துவமனை, மறுபடியும் முன்பணம். நோயாளியின் கை மீண்டும் அசையுமா என்பது பெரும்பாலும் இந்த அலைச்சலில்தான் முடிவாகிறது.

ஆகவே, எந்தெந்த மருத்துவமனையில் இச்சிகிச்சை ஞாயிற்றுக்கிழமை நள்ளிரவிலும் உண்மையாகவே கிடைக்கும், முதல்வரின் காப்பீட்டுத் திட்டம் அங்கே செல்லுமா என்னும் விவரங்களை மக்கள் நல்வாழ்வுத் துறை அரசு, தனியார் என்ற வேறுபாடின்றித் திரட்டி வெளியிட வேண்டும். விளம்பரம் செய்யும் மருத்துவமனைகளும் தங்கள் பலகையிலேயே இதைக் குறிப்பிடலாம்; தழும்பைப் பற்றி எழுத இடமிருக்கும்போது இதற்கு இருக்காதா?

முதுகுத்தண்டு பற்றியும் ஒரு வார்த்தை. எலும்புத் தேய்வால் நொறுங்கிய முள்ளெலும்புக்குள் ஊசி வழியே சிமென்ட் செலுத்தும் முறை, ஒப்பீட்டுக்காகச் சிமென்ட் செலுத்தாமல் செய்ததுபோல் காட்டும் போலிச் சிகிச்சையைவிடக் கூடுதலாக வலியைத் தணிக்கவில்லை என்று 2009-இல் இரண்டு ஆய்வுகள் கூறின. யாருக்கு அது தேவை என்பதில் மருத்துவர்களிடையே இன்றும் விவாதம் உண்டு. அங்கே அவசரமும் பெரும்பாலும் இல்லை. இன்னொரு மருத்துவரிடம் கேட்டுவிட்டு முடிவெடுக்கலாம்.

பக்கவாதத்தில் அந்த அவகாசம் கிடையாது. மேற்சொன்ன பட்டியல் 108 கட்டுப்பாட்டு அறையில் அன்றாடம் புதுப்பிக்கப்பட்டு இருக்குமானால், ஆம்புலன்ஸ் ஓட்டுநர் முதலிலேயே சரியான வாசலில் கொண்டுபோய் நிறுத்துவார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கதிரியக்கப் பிரிவு ஊழியர்,
பெரம்பூர், சென்னை.