உறை குத்திய நேரம்

சேலம்,
ஐப்பசி 12.

அன்புள்ள தங்கவேலுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தியின் காதுகுத்து நல்லபடியாக நடந்ததில் மகிழ்ச்சி. நான் வர இயலாமற்போனதற்கு என் முழங்கால்தான் காரணம். பட்டறையை இப்போது மகன் பார்த்துக்கொள்கிறான் என்றாலும், உலைப்பக்கம் ஒருமுறை போகாவிட்டால் எனக்குப் பொழுது போவதில்லை.

எங்கள் பட்டறையில் வார்க்கும் அலுமினியப் பம்ப் மூடிகள் ஒழுகுவதாகச் சென்ற கடிதத்தில் புலம்பியிருந்தேனே, அந்தக் குறைக்குக் காரணம் தெரிந்துவிட்டது. மழைக்கால ஈரத்தால் அலுமினியத்தில் ஹைட்ரஜன் ஏறியிருக்கும் என்று நீ எழுதியது நியாயமான ஐயந்தான். ஆனால், வாயுவை நீக்கிய பிறகும், காலையில் முதலில் வார்த்தவை தேறுவதும், உணவு வேளைக்குச் சற்று முன் வார்த்தவை தண்ணீர்த் தொட்டியில் காற்றழுத்தச் சோதனையின்போது குமிழி விடுவதும் மாறவில்லை. ஆகவே இரண்டு வகையிலும் ஒவ்வொன்றை அறுத்து, எமரித் தாளில் தேய்த்து, காஸ்டிக் சோடாக் கரைசலில் போட்டெடுத்துப் பார்த்தேன். தேறியதில் உலோகத்தின் படிக மணிகள் ரவை போல இருந்தன. ஒழுகியதில் உளுந்தைவிடப் பெரியனவாகத் தெரிந்தன.

உருகுநிலைக்குக் கீழே இறங்கியதும் உலோகம் உறைந்துவிடும் என்று பாலிடெக்னிக்கில் ஒரே வரி எழுதி நாம் மதிப்பெண் வாங்கினோம். அது பாதி உண்மைதான். அணுக்கள் சில ஒழுங்காகக் கூடினாலும், அச்சிறு கூட்டத்துக்குப் புதிய புறப்பரப்பை உண்டாக்குவதில் ஆகும் ஆற்றல் செலவு மிகுதி, திண்மமாவதால் வரும் ஆதாயமோ குறைவு. ஆதலால் கரு எனப்படும் அக்கூட்டம் ஒரு அளவு வரம்பை எட்டாவிட்டால் மீண்டும் கரைந்துபோகிறது. வெப்பநிலை எவ்வளவு தாழ்கிறதோ அவ்வளவுக்கு அந்த வரம்பு சிறுக்கும். 1950-இல் டர்ன்புல், செக் என்னும் இருவர் உலோகங்களை நுண்துளிகளாக்கி, பெரும்பாலான துளிகளில் அழுக்குத் துகள் இல்லாதபடி செய்து ஆற்றியபோது, 962 பாகை செல்சியசில் உறைய வேண்டிய வெள்ளி அதற்கும் 227 பாகை கீழே வரை திரவமாகவே நின்றது. செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுக்கு வெள்ளி உருக்குபவரிடம் இதைச் சொன்னால் சிரிப்பார். அவருடைய உலோகத்துக்குப் பற்றிக்கொள்ள அச்சின் சுவரும் மிதக்கும் அழுக்கும் இருப்பதால், சில பாகை தாழ்ந்ததுமே அது உறையத் தொடங்கிவிடும்.

பாலுக்கும் உலோகத்துக்கும் உறைதல் என்று ஒரே சொல்லை வைத்திருக்கிறோம் என்பதை இந்த வயதில்தான் கவனித்தேன். மணிகள் சிறிதாக அமைய அலுமினியத்தில் நாம் போடும் டைட்டானியம்-போரான் கம்பியும் ஒருவகையில் உறை குத்துவதுதான். ஆனால் உறைமோர் பாலில் பெருகும். கம்பியில் உள்ள டைட்டானியம் டைபோரைடு துகள்கள் பெருகமாட்டா. அதைவிடப் பனங்கற்கண்டுப் பானைக்குள் தொங்கவிடும் நூலே பொருத்தமான உவமை, ஏனெனில் பாகு அந்த நூலைப் பற்றிக்கொண்டுதான் கற்கண்டாகிறது. அத்துகள்களிலும் ஏறத்தாழ நூற்றில் ஒன்றே மணியாக வளர்கிறது என்கிறார்கள். முதலில் வளர்ந்தவை வெளிவிடும் வெப்பமே சுற்றியுள்ள திரவத்தைச் சூடாக்கி மற்றவற்றுக்கு வாய்ப்பில்லாமல் செய்துவிடுகிறது.

எங்கள் பட்டறையில் தவறு நடந்தது இங்கேதான். கம்பியைக் காலை ஏழு மணிக்கே மூசையில், அதாவது உருக்கும் கலத்தில், போட்டுவிட்டு, பதினொன்றரை வரை அதிலிருந்தே மொண்டு வார்த்தார்கள். டைபோரைடின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 4.5 கிராம், உருகிய அலுமினியத்தின் அடர்த்தி 2.4 கிராம், நேரம் போகப்போகத் துகள்கள் அடியில் படியாமல் என்ன செய்யும்? எங்களிடம் முப்பது ஆண்டுகள் உருக்கும் வேலை பார்த்த பெரியவர், யாரும் சொல்லாமலே அரைமணிக்கொரு முறை அடியிலிருந்து மெல்லக் கிளறுவார். அவர் ஊருக்குப் போன வாரத்திலிருந்துதான் மூடிகள் ஒழுகத் தொடங்கின. அந்தக் கிளறலை வெறும் பழக்கம் என்று நானே பலமுறை கேலி செய்திருக்கிறேன் என்பதை உன்னிடம் மறைப்பானேன்?

ஒழுகலுக்கும் மணிக்கும் என்ன தொடர்பு என்று நீ கேட்பாய். தூய அலுமினியம் உறையும்போது கன அளவில் ஏறத்தாழ 6 விழுக்காடு சுருங்கும். நம் சிலிக்கான் கலவை அதைவிடச் சற்றுக் குறைவாக. அந்த இடத்தை நிரப்ப, கூடுதல் உலோகத்தைத் தேக்கிவைக்கும் ரைசரிலிருந்து திரவம் வந்துகொண்டே இருக்க வேண்டும். மணிகள் சிலவாகவும் பெரியனவாகவும் இருந்தால், அவற்றின் மரக்கிளை போன்ற கரங்கள் வெகு சீக்கிரமே ஒன்றோடொன்று பின்னி வழியை அடைத்துவிடுகின்றன. மணிகள் பலவாகவும் சிறியனவாகவும் இருந்தால் கூழ் போல நெடுநேரம் நகர்ந்து வழிவிடுகின்றன. எஞ்சும் சுருக்கமும் ஓரிடத்தில் குவியாமல் பரவிவிடுகிறது.

இப்போது கம்பியை வார்ப்பதற்குப் பத்து நிமிடம் முன்பு, சிறு அளவாகப் பலமுறை போடுகிறோம். மேற்பரப்பின் ஆக்சைடு ஏடு கிழிந்து உள்ளே போகாதபடி அடியிலிருந்து மட்டும் கிளறுகிறோம். வெப்பநிலையை அளக்கும் வெப்ப இணை பொருத்திய சிறு கிண்ணத்தில் கொஞ்சம் ஊற்றி, ஆறும் வளைகோட்டையும் பார்க்கிறேன். முன்பு கோடு மூன்று பாகை போலத் தாழ்ந்து, உறையும்போது வெளிவரும் மறைவெப்பத்தால் மீண்டும் எழும். இப்போது அந்தப் பள்ளம் ஒரு பாகைகூட இல்லை; பற்றிக்கொள்ளத் துகள்கள் போதுமான அளவு இருக்கின்றன என்று பொருள்.

நாம் படித்த நாளில் சேர்வராயன் மலையின் அலுமினியத் தாதுவான பாக்சைட் மேட்டூர் அலுமினிய ஆலைக்கு இறங்கியதை ஏற்காடு போகும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன். இன்று என் மூசையில் விழுவது பெரும்பாலும் பழைய எஞ்சின் துண்டுகள். அவற்றில் என்னென்ன அழுக்கு வருகிறது என்பது தனிக் கடிதத்துக்கு உரியது. உன் மருமகன் பட்டறையில் கழித்துவைத்த மூடிகளில் இரண்டைப் பேருந்துப் பார்சலில் அனுப்பு. வார்த்த நேரம் எது என்பதையும் சுண்ணாம்புக்கட்டியால் அவற்றின் மேல் எழுதச் சொல். அறுத்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

அன்புடன்,
பழனிசாமி