நாலும் ஒன்றாகத்தான் மாற்றப்போகிறேன்

நாமக்கல்
ஐப்பசி, விடாத மழை

அன்புள்ள சீனு,

உன் கடிதம் வந்த பிறகு ஆயுதபூஜை போய், தீபாவளியும் போய்விட்டது. பதில் போடாததற்குக் காரணம் சொன்னால் நீ நம்பப்போவதில்லை, அதனால் சொல்லவில்லை. இங்கே எல்லோரும் நலம். கோமதிக்குத் தோள்வலி குறைந்திருக்கிறது. சின்னவள் பன்னிரண்டாம் வகுப்பு என்பதால் வீட்டில் டிவி கிடையாது, சத்தம் கிடையாது, எனக்குப் பேச்சுரிமையும் கிடையாது. அம்மா கொடுத்துவிட்ட முறுக்கு வந்து சேர்ந்தது, டப்பா திரும்பி வரும் என்று சொல்.  

விஷயம் இதுதான். தேளுக்கு, அதாவது தேள் சின்னம் போட்ட என் ஃபியட் அபார்த் புன்டோ காருக்கு, டயர் மாற்ற வேண்டும்.

போன வாரம் குடும்பத்தோடு கொல்லிமலை போயிருந்தோம். அறப்பளீசுவரரைப் பார்த்துவிட்டு இறங்கும்போது நல்ல மழை. எழுபது கொண்டை ஊசி வளைவில் பாதி தாண்டியிருப்போம். ஸ்டீயரிங்கைத் திருப்புகிறேன், வண்டி திரும்பவில்லை. முன்சக்கரம் இரண்டும் நேராக வழுக்கிக்கொண்டு போகிறது. பிரேக் பெடல் காலுக்கடியில் கடகடவென்று உதறுகிறது. வேகம் முப்பதுகூட இருக்காது. தடுப்புச்சுவருக்குக் கொஞ்சம் முன்னால் பிடி கிடைத்துத் திரும்பியது. பின்சீட்டில் இருந்த யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. கோமதிக்கு மட்டும் புரிந்தது. காரவள்ளி வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பேசாமல் வந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும்.

மறுநாள் காலையில் டார்ச் எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போனேன். முன் டயரின் பள்ளத்துக்குள் குறுக்கே ஒரு சின்ன மேடு இருக்குமே, 1.6 மில்லிமீட்டர் உயரத்தில்? அந்த மேடும் டயரின் மேல்பரப்பும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டன. அதற்குக் கீழே தேய்ந்தால் சட்டப்படியே ஓட்டக்கூடாது. மழைக்கு அந்தக் கணக்கே போதாது, 3 மில்லிமீட்டருக்குக் கீழே போனாலே தண்ணீரை வெளியேற்றும் சக்தி சட்டென்று குறைந்துவிடும். பின் டயர் இரண்டும் பார்க்கத் தடிமனாகத்தான் இருந்தன. தயாரித்த வாரத்தையும் வருஷத்தையும் சொல்லும் நான்கு எண்ணைத் தேடினால் வெளிப்பக்கம் இல்லை. அந்த நான்கு எண்ணை ஒரு பக்கம்தான் முழுதாக அச்சடிப்பார்கள், மாட்டியவன் அந்தப் பக்கத்தை உள்ளே வைத்து மாட்டியிருக்கிறான். முதுகு சேற்றில் கிடக்க, துணியால் துடைத்துப் பார்த்தேன். 2318. 2018-ஆம் ஆண்டின் 23-வது வாரம், அதாவது ஜூன் மாதம். பக்கச்சுவரில் ரிம்மை ஒட்டி முடி போல வெடிப்பு ஓடியிருக்கிறது. நகத்தால் நெருடினால் தட்டுப்படுகிறது. ஆக, முன்னால் தேய்ந்தது, பின்னால் காய்ந்தது. நாலும் போச்சு.

இப்போது பணம். கல்லூரிக்கு எடுத்து வைத்ததைத் தொட முடியாது. நாலு டயர், பேலன்சிங், அலைன்மென்ட் எல்லாம் சேர்த்து முப்பதாயிரத்துக்குள் முடிக்க வேண்டும். "இத்தாலிக்காரன் கடையையே மூடிட்டுப் போய்ட்டான், நீங்க அவன் வண்டிக்கு டயர் வாங்கறீங்க" என்கிறாள் கோமதி. 2019-லேயே ஃபியட் இங்கே கார் தயாரிப்பை நிறுத்திவிட்டது, மறுக்க முடியாது. ஆனால் டயர் விஷயத்தில் நமக்கு ஒரு அதிர்ஷ்டம். அபார்த் புன்டோவின் அளவு 195/55 ஆர்16, அதாவது 195 மில்லிமீட்டர் அகலம், அதில் 55 சதவீதம் பக்கச்சுவரின் உயரம், 16 இஞ்ச் ரிம். இதே அளவுதான் பலேனோ டாப் மாடலுக்கும், ஐ20 டாப் மாடலுக்கும், பிந்தைய போலோ ஜிடிக்கும். ஊரெல்லாம் ஓடுகிற அளவு. எந்தக் கடைக்குப் போனாலும் இருக்கிறது, விலையிலும் போட்டி இருக்கிறது. வண்டிக்குக் கண்ணாடி மூடி தேடி நான் அலைந்த கதையோடு ஒப்பிட்டால் இது சொர்க்கம்.

ஆனால் அதிலேயே ஒரு சிக்கலும் இருக்கிறது. பலேனோக்காரனுக்கு வேண்டியது மைலேஜும் சத்தமில்லாத ஓட்டமும். அவனுக்காகச் செய்த டயர் சுலபமாக உருளும், நிறைய நாள் உழைக்கும், ஈரத்தில் மட்டும் இழுத்துப் பிடிக்காது. நம் வண்டி 145 குதிரைத் திறன், 212 நியூட்டன் மீட்டர், எல்லாம் முன்சக்கரம் இரண்டின் வழியாகத்தான் தரைக்குப் போகிறது. டர்போ எழுந்த நேரத்தில் ஈரமான ரோட்டில் இரண்டாவது கியரில் மிதித்துப் பார், சக்கரம் அதே இடத்தில் சுற்றும். வழுக்கினால் வண்டியைத் தானே நிலைப்படுத்தும் ஈஎஸ்பியும் கிடையாது. அளவு ஒன்றுதான் என்பதற்காக எதை வேண்டுமானாலும் மாட்ட முடியாது.

மாமனாரிடம் நான் சொல்லவில்லை, அவர் பக்கத்தில் இருக்கும்போது கோமதி சொன்னதுதான் தொல்லை. லாரிக்காரர் ஆயிற்றே. "மாப்ள, எதுக்குப் புதுசு? கேசிங் நல்லா இருந்தா நம்ம பட்டறையில ரீட்ரெட் போட்டுக்கலாமுங்க" என்றார். நாமக்கல்லில் பெண் எடுத்தால் இப்படி ஒரு யோசனை வந்தே தீரும். லாரி டயரின் கூடு, தேய்ந்த மேல்பரப்புக்குப் புது ரப்பர் போடும் அந்த ரீட்ரெடிங்கைத் தாங்குவதற்கென்றே செய்யப்பட்டது. கார் டயர் அப்படி இல்லை, அதுவும் இந்த வெடிப்போடு. இதைச் சொல்லிப் புரியவைக்க அரை நாள் ஆனது. கடைசியில், "அப்பச் சரி, எம்ஆர்எஃப் போடுங்க, பலூன் காலத்துல இருந்து நம்ம கம்பெனி" என்று இறங்கி வந்தார். 1946-இல் திருவொற்றியூரில் பொம்மை பலூன் செய்ய ஆரம்பித்த கம்பெனி என்பது அவருக்கு மனப்பாடம். ஒன்று சொல்ல வேண்டும், அவர் வண்டிகளின் டயரில் காற்று என்றைக்கும் சரியாக இருக்கும். காலையில் வண்டி எடுப்பதற்கு முன், டயர் சூடேறாதபோது பார்ப்பார். உன்னைப் போல நைட்ரஜனுக்குத் தனியாகக் காசு கொடுப்பதில்லை. சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன் இருக்கிறது, மிச்சத்துக்கு நீ ஐம்பது ரூபாய் தருகிறாய், தா.

இனி உன் யோசனைகளுக்கு வருகிறேன். போனில் நீ மூன்று சொன்னாய்.

முதலாவது, மிச்சலினின் விலை உயர்ந்த டயரான பைலட் ஸ்போர்ட். டேய், இருங்காட்டுக்கோட்டையில் வேலியைப் பிடித்துக்கொண்டு ரேஸ் பார்த்த காலத்திலிருந்து நீ அதே பாட்டுத்தான் பாடுகிறாய். 2020 ஜூனில் டயர் இறக்குமதிக்கு லைசென்ஸ் வேண்டும் என்று கட்டுப்பாடு கொண்டுவந்தார்களே, அதிலிருந்து வெளிநாட்டு டயர் எல்லாம் ஒன்று கிடைப்பதில்லை, கிடைத்தால் கேட்கிற விலை கொடுக்க வேண்டும். சேலத்தில் விசாரித்தேன், நம் அளவுக்கு இல்லை என்று சிரிக்காமல் சொன்னார்கள். அப்புறம் இன்னொன்று, நான் தினமும் ஓட்டுவது பரமத்தி ரோட்டில். அங்கே இருக்கும் பள்ளத்துக்கு அந்த விலை டயரை விட மனசு வராது.

இரண்டாவது, அகலம். 205/55 போடு, பார்க்க நன்றாக இருக்கும் என்றாய். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். கணக்குப் போட்டுப் பார்த்தேன். இப்போதைய டயரின் விட்டம் ஏறக்குறைய 621 மில்லிமீட்டர், அது 632. கிட்டத்தட்ட 1.8 சதவீதம் பெரிசு. மீட்டர் காட்டுவதைவிட வண்டி கொஞ்சம் வேகமாகப் போகும், எல்லாக் கியரும் கொஞ்சம் நீளும், டர்போ எழுவதற்கு முன் ஏற்கெனவே தூங்குகிற வண்டி இன்னும் தூங்கும். 205/50 என்றால் உயரம் ஐந்து மில்லிமீட்டர் குறைந்து, நம் தெரு வேகத்தடையில் அடிவயிறு உரசும். பதினேழு இஞ்ச் ரிம்முக்குப் போகலாம் என்று ஆரம்பிக்காதே. சக்கரத்தை மாட்டும் போல்ட்டுகள் அமைந்த வட்டத்தின் விட்டம் ஃபியட்டுக்கு 98 மில்லிமீட்டர், மற்றவர்கள் பலருக்கு 100. இரண்டு மில்லிமீட்டர்தானே என்று ஸ்பேனரை வைத்து இழுத்து மாட்டுகிற ஆட்களை எனக்குத் தெரியும். எனக்கு வேண்டாம்.

மூன்றாவதில்தான் நமக்குச் சண்டை. முப்பதாயிரத்தில் முன்னால் இரண்டு உயர்ந்த டயராகப் போடு, இழுப்பதும் திரும்புவதும் முன்சக்கரம்தானே, பின்னால் இருப்பதை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்றாய். கடைக்காரரும் அதையேதான் சொன்னார். ஊரே அதைத்தான் சொல்லும். ஆனால் யோசித்துப் பார். முன்சக்கரம் பிடியை விட்டால் எனக்குக் கொல்லிமலையில் நடந்ததுதான் நடக்கும். வண்டி நேராகப் போகும், வேகம் குறைந்ததும் பிடித்துக்கொள்ளும். பின்சக்கரம் விட்டால் வண்டி சுழலும். சுழல ஆரம்பித்ததை நிறுத்த நீயும் நானும் ரேஸ்காரர்கள் கிடையாது. முன்னால் புதுசு, பின்னால் பழசு என்றால் மழையில் முதலில் விடப்போவது பின்பக்கம்தான். இரண்டுதான் வாங்க முடியும் என்றால், முன்சக்கர வண்டியாக இருந்தாலும் அந்த இரண்டைப் பின்னால் போடச் சொல்கிறது மிச்சலின். தேய்வது முன்னால், போடுவது பின்னாலா என்று கேட்பாய். ஆமாம்.

தொப்பூர் இறக்கத்தில் செல்வத்தின் வண்டியைப் பார்க்க நாம் இரண்டு பேரும்தான் போனோம். அவன் அந்த வாரம்தான் டயர் மாற்றியிருந்தான், இரண்டு, முன்னால். அதுவும் மழை. அதுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை, யாருக்கும் தெரியாது. ஆனால் பின்பக்கம் கிடந்த அந்த மொட்டை டயரை நீ காலால் ஒரு தடவை தள்ளிப் பார்த்தாய், சீனு. நீ இப்போது போனில் "பின்னால இருக்கறது ஓடும்டா" என்றபோது எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. போனில் சொல்ல வாய் வரவில்லை.

சரி. ஆகவே நாலும் ஒரே கம்பெனி, ஒரே மாடல், நடுத்தர விலை. இதுதான் என் முடிவு. இரண்டு உயர்ந்த டயரைவிட நாலு சுமாரான புது டயர் மேல்.

எதை என்பதுதான் பாக்கி. தேர்வில் மூன்று நிற்கின்றன. மிச்சலின் ப்ரைமசி 4எஸ்டி, யோகோஹாமா புளூஎர்த் ஜிடி, அப்பல்லோ ஆல்நாக். மூன்றும் மாட்டிய வண்டிகளில் ஏறி உட்கார்ந்து வந்தேன், நண்பர்களின் பெட்ரோலில். ப்ரைமசி ஈரத்தில் நன்றாக நிற்கிறது, சத்தமே இல்லை. ஆனால் பக்கச்சுவர் கொஞ்சம் மெத்தென்று இருக்கிறது, வளைவில் திருப்பினால் ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் திரும்புகிறது. நாலுக்கு விலையும் என் பட்ஜெட்டைத் தாண்டுகிறது. ஆல்நாக் விலைக்குத் தங்கம், உழைக்கும், பள்ளத்துக்குப் பயப்பட வேண்டாம். நான் தினமும் நூறு கிலோமீட்டர் ஓடுகிறவனாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அதைத்தான் வாங்குவேன். புளூஎர்த் இரண்டுக்கும் நடுவில். ஸ்டீயரிங் சொன்னதைக் கேட்கிறது. சத்தம் கொஞ்சம் உண்டு, சின்னவள் முகம் சுளிப்பாள். எனக்கு மனசு அதில்தான் நிற்கிறது. 2025 செப்டம்பர் 22-லிருந்து ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18-ஆகக் குறைந்திருப்பதால் நாலும் கைக்கெட்டும் தூரத்தில் வந்திருக்கிறது. குறைந்த வரியைக் கடைக்காரர் குறைத்துக் கொடுக்கிறாரா என்று பில்லைப் பார்த்துத்தான் நம்ப வேண்டும்.

வேகக் குறியீடு வி வேண்டும் என்று நீ அடம்பிடிப்பாய். எச் என்றால் மணிக்கு 210 கிலோமீட்டர் வரை, வி என்றால் 240. நாமக்கல்லில் 210-இல் போக எனக்கு இடம் காட்டு. ஆனாலும் வி டயரின் உடம்பு பொதுவாக விறைப்பாக இருக்கும், வளைவுக்கு நல்லது. விலை வித்தியாசம் சில நூறுதான் என்றால் உனக்காக வியே எடுத்துவிடுகிறேன், சந்தோஷமா?

இன்னொரு வழியும் இருக்கிறது, அதை உன்னிடம் கேட்கத்தான் இந்த இடம். புதுக் கார் வாங்கியதும் சிலர் அகல டயருக்கு மாறி, கம்பெனி டயரைக் கடையிலேயே விட்டுவிட்டுப் போவார்கள் இல்லையா? சில நூறு கிலோமீட்டர்கூட ஓடாத டயர், பாதி விலை. சென்னையில் அப்படி நிறைய வரும். யாராவது புளூஎர்த்தோ ப்ரைமசியோ நாலாக விட்டிருந்தால் எடுத்து வை. ஆனால் உள்பக்கம் கையை விட்டுத் தடவிப் பார்க்க வேண்டும், பஞ்சர் ஒட்டு இருந்தால் வேண்டாம். நாலுக்கும் தேதி ஒரு வருஷத்துக்குள் இருக்க வேண்டும். போட்டோவில் அந்த நான்கு எண்ணும் தெரிய வேண்டும், டயரின் முகத்தை மட்டும் எடுத்து அனுப்பாதே. 

ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல். அதற்குள் உன்னிடமிருந்து ஒன்றும் வராவிட்டால் திங்கட்கிழமை சேலம் போய்ப் புதுசாகவே மாட்டிவிடுவேன். அதுவரை வண்டி ஷெட்டில். நான் மாமனாரின் டிவிஎஸ் எக்ஸெல்லில் போய்க்கொண்டிருக்கிறேன், நீ சிரித்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
பழனி

பி.கு.: நீ மாட்டியிருக்கும் டயரின் தேதியையும் அப்படியே பார். உள்பக்கம் இருக்கும், படுத்துத்தான் பார்க்க வேண்டும். தொப்பை இடிக்கும், பரவாயில்லை.