வேலிப் பொட்டைக் காட்டியவருக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

நேற்று மாலை நாலரை மணிக்கு ஆய்வுரையை ஒப்படைத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் குசினிக் கதிரையில் இருந்து அழுதேன். தை தொடக்கம் பங்குனி வரை எங்கள் வீட்டில் என்ன நடந்தது என்று உங்களுக்கெல்லாம் தெரியும். அதைத் திரும்ப எழுதப் போவதில்லை. என் வீட்டுக்காரர், இவர், இப்போது தானாகவே மாடிப்படி ஏறுகிறார். ருசித்துச் சாப்பிடுகிறார்.

பிள்ளைகள் இரண்டு பேரையும் தங்கள் வீட்டிலேயே வைத்துக்கொண்ட அக்கா, அத்தான், முறை வைத்துச் சாப்பாடு கொண்டுவந்த தமிழ்ப் பள்ளிப் பெற்றோர், இரவு எத்தனை மணியானாலும் ஆஸ்பத்திரிக்குக் கார் ஓட்டிய தம்பிமார், கெடுவை இரண்டு தடவை தள்ளிப்போட்டுத் தந்த என் பேராசிரியர், விரிவுரைக் குறிப்புகளை வாராவாரம் அனுப்பிய வகுப்புத் தோழிகள், உங்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுத வேண்டும். எழுதுவேன். இன்றைக்குப் பக்கத்து வீட்டுப் பெரியவரைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் எடுத்துக்கொண்ட கவிதை ஷேக்ஸ்பியரின் 'வீனஸும் அடோனிஸும்'. கொள்ளைநோயால் லண்டன் நாடக அரங்குகள் பூட்டிக் கிடந்த காலத்தில், 1593இல் அச்சானது. 1194 வரிகள். அந்த முதல் பதிப்பில் இன்று மிஞ்சியிருப்பது ஒரே ஒரு பிரதி, ஆக்ஸ்போர்ட் போட்லியன் நூலகத்தில். காதல் தெய்வம் வீனஸ், வேட்டைக்குப் போகத் துடிக்கும் இளைஞன் அடோனிஸை மறித்துக் கெஞ்சுகிறாள். காட்டுப்பன்றியிடம் போகாதே, முயலை வேட்டையாடு என்கிறாள். இந்தக் கதையை ரோமக் கவி ஓவிட் தன் 'உருமாற்றங்க'ளின் பத்தாம் நூலில் சொல்லும்போது முயல் ஓரிரு சொல்லில் வந்து போய்விடும். ஷேக்ஸ்பியர் அதற்கு முப்பது வரி கொடுக்கிறார். அதற்கு 'வாட்' என்று செல்லப் பெயர்கூட இருக்கிறது. ஏன் இவ்வளவு இடம் என்பதுதான் என் ஆய்வுக் கேள்வி. பங்குனி கடைசியில் அந்தக் கேள்வியும் நானும் ஒரே இடத்தில் சிக்கிக் கிடந்தோம்.

ஆஸ்பத்திரிக்கு அலைந்த அந்த வாரங்களில் எங்கள் குப்பைத் தொட்டியைத் தெருவில் வைத்தவர் இந்தப் பெரியவர்தான் என்பதே எனக்குப் பிந்தித்தான் தெரிந்தது. ஒருநாள் எங்களுக்கு வந்த பொதியைக் கொடுக்க வந்தார். மேசையில் விரித்துக் கிடந்த புத்தகத்தைப் பார்த்து, என்ன படிக்கிறீர்கள் என்று கேட்டார். முயலைப் பற்றி என்றேன். அதற்கு மேல் சொல்ல என்னிடம் தெம்பில்லை. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நின்றபடியே மெல்ல வாசித்தார். பதினாலு வயதில் பண்ணை வேலைக்குப் போனவர். 'மியூசிட்' என்ற சொல் வந்ததும் நிறுத்தினார்.

"இது எங்கள் ஸ்மியூஸ் அல்லவா!"

அடிக்குறிப்பைப் பார்த்து, வேலியில் உள்ள இடைவெளி என்று நான் எழுதி வைத்திருந்த சொல் அது. அவர் சொன்னார், "நாளைக்குக் காலையில் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வாருங்கள், காட்டுகிறேன்."

எங்கள் தெரு முடியும் இடத்தில் வயல். அதன் ஓரம் முட்செடிகள் அடர்ந்த பழைய உயிர்வேலி. அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து, தடியால் புல்லை விலக்கினார். வேரடியில் இரண்டு கை அகலத்துக்கு வட்டமாக ஒரு வழி. அடிமண் வழவழவென்று இருந்தது. ஒரு முள்ளில் பழுப்பு மயிர் நாலைந்து. ஒரே இடத்தால் போய்ப் போய் உண்டான வழி. எனக்கு அம்மம்மா வீட்டு வேலிப் பொட்டு ஞாபகம் வந்துவிட்டது. அந்தப் பொட்டுக்குள்ளால்தான் பக்கத்து வளவுக்குப் போவோம். இத்தனை மாதம் அகராதியில் தேடிய சொல்லுக்கு என் வாயிலேயே சொல் இருந்திருக்கிறது.

பிறகு அவர் முயல் ஓடும் விதத்தைத் தடியால் மண்ணில் கீறிக் காட்டினார். வந்த தடத்திலேயே திரும்பி ஓடும், சட்டென்று பக்கவாட்டில் பாயும், நாய்கள் மோப்பத்தைத் தொலைத்துவிட்டு நிற்கும். ஓடிக் களைத்தால் மேட்டில் ஏறிப் பின்னங்காலில் நின்று, நாய்கள் இன்னும் குரைக்கின்றனவா என்று காது கொடுக்கும். கவிதையில் வாட் செய்வதும் அதேதான். அப்போதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. வீனஸ் அடோனிஸை இணங்க வைக்கத்தான் முயலை இழுக்கிறாள். சொல்லிக்கொண்டு போகப் போக அதன் பயத்துக்குள் போய்விடுகிறாள். முடிவில் எங்கே விட்டேன் என்று அவளே கேட்கும் நிலைமை.

அந்தப் பகுதி இப்படி முடிகிறது: 'துன்பத்தில் கிடப்பவரைப் பலரும் மிதிப்பர், தாழ்ந்த வேளையில் எவரும் கைகொடார்.' தை மாதத்தில் இந்த வரிகளை நான் அப்படியே நம்பினேன். இப்போது என்னால் அவற்றை ஒத்துக்கொள்ள முடியவில்லை. எவரும் கைகொடார் என்று எழுதிய கவியே, பெருங்கதையை நிறுத்திவிட்டு ஒரு முயலுக்காக முப்பது வரி நின்றிருக்கிறாரே! ஆய்வுரையின் மூன்றாம் அதிகாரம் முழுவதும் இதைத்தான் எழுதியிருக்கிறேன். அவர் மண்ணில் கீறிய கோட்டையும் அப்படியே வரைந்து சேர்த்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு தினமும் காலையில் அரை மணி நேரம் அந்த வேலி வரை நடந்தோம். அவர் இவருடைய உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. வானத்தைப் பற்றியும் ஆடுகளைப் பற்றியும் கதைப்பார். வீட்டுக்கு வந்து ஒரு பக்கமாவது எழுதிவிடுவேன்.

முயலை மட்டும் நான் இன்னும் பார்க்கவில்லை.

ஐயா, உங்களுக்கு இந்த எழுத்து வாசிக்க வராது. அதனால் ஒரு வேலை தொடங்கியிருக்கிறேன். அந்த முப்பது வரிகளையும் தமிழாக்குகிறேன், 'பொட்டு' என்ற சொல்லோடு. வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்கு அவருடைய குசினியில் இரண்டு மொழியிலும் வாசிப்பேன். தமிழ் எப்படி ஒலிக்கும் என்று கேட்க ஆசையாம். வரக்கூடியவர்கள் எல்லோரும் வாருங்கள், இவரும் வருவார். பழைய சப்பாத்தாகப் போட்டுக்கொண்டு வாருங்கள். வாசித்து முடிந்ததும் வேலியடிக்குப் போகிறோம், அங்கே இன்னும் சேறு காயவில்லை.