கடிகாரம் வாங்கும் முன்

அன்புள்ள பாஸ்கரா,

பதில் தாமதமாகிவிட்டது, கோபிக்காதே. இங்கே எல்லோரும் நலம். எந்த ஜிபிஎஸ் கடிகாரம் வாங்கலாம் என்று நீ கட்டம் கட்டி ஒப்பிட்டுப் போட்ட பட்டியலைச் சேகர் அனுப்பினான். பாட்டு, பணம் செலுத்தும் வசதி, நூறு வகை விளையாட்டு! கணக்குப்பிள்ளை என்று உனக்குப் பேர் வைத்தது சரிதான். ஆனால் உனக்கு வேண்டியது அந்தக் கட்டங்களில் இல்லையே.

மருத்துவர் உன் இதயத்துடிப்புக்கு வரம்பு சொல்லியிருக்கிறார். மணிக்கட்டுச் சென்சாரை மட்டும் நம்பி மலையேறாதே. பச்சை ஒளியைத் தோலில் பாய்ச்சி, ரத்த ஓட்டத்தின் ஏற்ற இறக்கத்தை வைத்துத்தான் அது துடிப்பைக் கணக்கிடுகிறது. வார் தளர்ந்தாலோ, குளிரில் கை விறைத்தாலோ, ஊன்றுகோலை இறுக்கிப் பிடித்தாலோ தடுமாறும். ஓடும்போது காலடியையே துடிப்பாக எண்ணிவிடும்: நிமிடத்துக்கு 170 அடி வைத்தால் திரையிலும் 170. அதைவிட மோசம், செங்குத்து ஏற்றத்தில் துடிப்பு எகிறிய பிறகும் கொஞ்ச நேரம் பழைய எண்ணையே காட்டுவது. உனக்கு ஆபத்து அந்த இடைவெளியில்தான்.

அதனால் துடிப்பை அளக்க மார்பில் கட்டும் பட்டை ஒன்று வாங்கு; அது இதயத்தின் மின் சைகையையே எடுக்கிறது. உட்புறத்தை நனைத்துக் கட்டு. காய்ந்திருந்தால் வியர்க்கும்வரை தாறுமாறான எண்கள்தான் வரும். புளூடூத்தில் பட்டையோடு இணையாத கடிகாரத்தைப் பட்டியலிலிருந்து அடித்துவிடு. துடிப்பு வரம்பு தாண்டினால் கடிகாரம் அதிர்ந்து எச்சரிக்க வேண்டும். நெஞ்சு இறுகினால் எந்த எண்ணையும் பார்க்காதே, உடனே நின்று உதவி கேள்.

அடுத்தது பேட்டரி. பெட்டியில் போடும் ‘14 நாள்’ எல்லாம் ஜிபிஎஸ் ஓடாதபோது. இரட்டை அலைவரிசையில், அதாவது செயற்கைக்கோள் சைகையை எல்1, எல்5 என்ற இரண்டு அலைவரிசைகளிலும் பெறும்போது, எத்தனை மணிநேரம் தாங்கும் என்று தேடு. உன் நீண்ட நடையைப்போல் ஒன்றரை மடங்காவது இருக்கட்டும், பேட்டரி வருடாவருடம் தேயும். எல்1 (1575.42 மெகாஹெர்ட்ஸ்) மட்டும் பெறும் கடிகாரம் பாறைச்சுவரில் பட்டுத் திரும்பும் சைகையில் ஏமாந்து, பாதையைப் பள்ளத்தில் வரையும். எல்5 (1176.45) சேர்ந்தால் அந்தப் பிழை வெகுவாகக் குறையும். திறந்த மைதானத்தில் மட்டும் ஓடுகிறவனுக்கு அந்தக் காசு வீண்.

உயரத்துக்குக் காற்றழுத்தமானி உள்ளதாகப் பார். காற்றழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் (அழுத்தத்தின் அலகு) மாறினால், கீழ்மட்டங்களில் உயரம் சுமார் 8 மீட்டர் மாறியதாகக் காட்டும். ஆகவே வானிலை மாறினாலே கடிகாரம் காட்டும் உயரமும் மாறும். உயரம் தெரிந்த இடத்தில் சரிசெய்துகொள். காற்றழுத்தமானியின் துளையில் வியர்வை உப்பு அடைத்தால் நல்ல தண்ணீரில் அலசு, ஊசி விடாதே.

மழையில் தொடுதிரை மக்கர் செய்யும், பொத்தான்கள் அவசியம்.

பட்டியலை அவசியமானது, இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று இரண்டாக்கி எழுது. அதற்குள் பட்டையை வாங்கி, போனோடு இணைத்துப் பழகு.

அன்புடன்,
ரவி