லினக்ஸ் நிறுவக் கணினி வாங்குவோருக்கு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்ட நிலையில், அதற்கு மாற்றாக லினக்ஸ் என்னும் இலவச இயங்குதளத்தை நிறுவுவதற்காக பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் பழைய மடிக்கணினி வாங்கும் நம் மாணவர்கள் விலையையும் ரேமையும் மட்டும் பார்த்துப் பணம் கொடுத்துவிடுவது வருத்தமளிக்கிறது. பெரும்பாலும் தகராறு செய்வது வைஃபை சிப்தான்: இன்டெல் சிப்புகளுக்கான டிரைவர் (சிப்பை இயக்கும் மென்பொருள்) லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிலேயே இருக்க, பிராட்காம் சிப்புகள் பலவற்றுக்குத் தனி டிரைவர் தேவைப்படுகிறது, அதைப் பதிவிறக்கவும் இணையம் வேண்டுமே! லினக்ஸ் வகைகளுள் ஒன்றான உபுண்டு ஏற்றிய பென்டிரைவைக் கடைக்கே கொண்டுசென்று, நிறுவாமலே இயக்கி, வைஃபை, ஒலி, கேமரா ஆகியவற்றோடு, மூடித் திறந்தால் திரை உயிர்பெறுகிறதா என்பதையும் சோதித்த பின்னரே விலை பேச வேண்டும். மறுக்கும் கடையை விட்டுவிடலாம். பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் இதற்கென ஒரு ஞாயிற்றுக்கிழமை செயல்முறைப் பயிற்சி நடத்த வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
அல்சூர், பெங்களூரு.