இன்னும் பிரிக்காத ஜெல்

அன்புள்ள மொட்டை,

எட்டு மாதமாக உன் மெசேஜுக்கெல்லாம் கட்டைவிரலை மட்டும் காட்டிக்கொண்டிருந்தேன். திட்டு. திட்டி முடித்துவிட்டு மேலே படி. வீட்டில் எல்லோரும் நலம், பெரியவன் வேலை மாறிவிட்டான், என் முட்டிவலி மட்டும் மாறவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். புற்றுநோய் என்று புரோஸ்டேட் சுரப்பியை அறுத்து எடுத்து மூன்று வருஷம். நோய் திரும்புகிறதா என்று காட்டும் ரத்தப் பரிசோதனை, அதுதான் பிஎஸ்ஏ, இன்றைக்கும் 0.01-க்குக் கீழேதான். ரிப்போர்ட் வந்தால் மேலே இருப்பது என் பேர்தானா என்றுகூடப் பார்ப்பதில்லை. அந்த எண்ணுக்கு முன்னால் 'இதைவிடக் குறைவு' என்று சொல்லும் கொக்கி போன்ற சின்னக் குறியைத்தான் கண் தேடும். அது இருந்தால் அடுத்த ஆறு மாதத்துக்கு மூச்சு விடலாம்.

ஆனால் நான்தான் நானாக இல்லை. மத்தியானம் ஆனால் உட்கார்ந்த இடத்திலேயே தூங்குகிறேன், நாலு படி ஏறினால் தொடை நடுங்குகிறது. 'அந்த' ஆசை போனதுகூடப் பெரிதில்லைடா, போய்விட்டதே என்ற வருத்தமும் சேர்ந்து போய்விட்டது. வயசாச்சு என்றேன். "வயசானவங்க சிரிப்பாங்களே, நீங்க சிரிச்சு எவ்வளவு நாளாச்சு?" என்று கேட்டாள் உன் தங்கச்சி. மறுநாளே டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

காலை எட்டு மணிக்கு ரத்தம் எடுத்தார்கள். ஆண்களுக்கான ஹார்மோன் டெஸ்டோஸ்டிரோன் 190. இரண்டு வாரம் கழித்து மறுபடி எடுத்தால் 204. இரண்டு தடவை 300-க்குக் கீழே வந்து, உடம்பிலும் தொந்தரவு இருந்தால்தான் குறைபாடு என்று கணக்காம். தைராய்டு, புரோலாக்டின், என் குறட்டை வரைக்கும் விசாரித்துவிட்டு ஹார்மோன் டாக்டர், தோலில் தடவுகிற டெஸ்டோஸ்டிரோன் ஜெல் எழுதிக் கொடுத்தார். அறுத்த டாக்டரோ, "வேண்டாம்னும் சொல்ல மாட்டேன், போட்டுக்கோங்கன்னும் சொல்ல மாட்டேன்" என்றார்.

அப்புறம் நானே உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன், அங்கேதான் தூக்கம் போனது. 1941-இல் சார்லஸ் ஹக்கின்ஸ், டெஸ்டோஸ்டிரோனை வற்றவைத்தால் பரவிவிட்ட புரோஸ்டேட் புற்றுநோய்கூடச் சுருங்குகிறது என்று காட்டினார், 1966-இல் நோபல் பரிசும் வாங்கினார். அதெல்லாம் சரி, இன்றைக்கும் அந்த வைத்தியம் நடக்கிறது. ஆனால் குறைத்தால் சுருங்குமென்றால் கூட்டினால் வளரும் என்று எல்லோரும் பல வருஷம் நம்பியிருக்கிறார்கள். ஆப்ரகாம் மார்கென்டாலர் என்ற டாக்டர் அந்தப் பழைய கட்டுரையைத் தேடி எடுத்துப் பார்த்தால், கூட்டினால் வளரும் என்பதற்கு அதில் ஆதாரமாகத் தேறியது ஒரே ஒரு நோயாளியாம்! புரோஸ்டேட் ஒரு துணி, டெஸ்டோஸ்டிரோன் தண்ணீர் என்று வைத்துக்கொள். அவர் சொல்வது, முழுக்க நனைந்த துணி மேல் எத்தனை குடம் ஊற்றினாலும் அதற்கு மேல் நனையாது என்கிற மாதிரி. எனக்கு உடனே நிம்மதி வந்தது, பத்து நிமிஷத்தில் போயும் விட்டது. நனைந்து முடிகிற அளவு 250 பக்கம் என்கிறார்கள். என் துணி 190-இல் அரை ஈரமாக அல்லவா இருக்கிறது?

ஹார்மோன் டாக்டரிடம் கேட்டேன். "துணியையே எடுத்தாச்சே சார்" என்று சிரித்தார். நோயின் வீரியத்தைச் சொல்லும் கிளீசன் கணக்கில் எனக்கு 7, அதிலும் வீரியம் குறைந்த 3+4, வெட்டிய ஓரம் சுத்தம், நிணநீர் முடிச்சு சுத்தம். சரி, ஒரு நூல் எங்காவது ஒட்டிக்கொண்டிருந்தால்? அதற்கு அவர் சிரிக்கவில்லை. என்னைப் போல ஆபரேஷனுக்குப் பிறகு எடுத்துக்கொண்டவர்களுக்கு நோய் கூடுதலாகத் திரும்பியதாகத் தெரியவில்லை, ஆனால் அந்த ஆய்வுகள் எல்லாம் சின்னவை என்று ஒப்புக்கொண்டார். டெஸ்டோஸ்டிரோன் பற்றி 2023-இல் வந்த பெரிய ஆய்வில் 5,000 பேருக்கு மேல். அதில் என் மாதிரி ஆட்களை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள்.

உன்னிடம் மட்டும் சொல்கிறேன். நோய் தானாகத் திரும்பி வந்தால் தாங்கிக்கொள்வேன். நானே தினமும் காலையில் தடவித் தடவி அதை வரவழைத்தேன் என்று ஆனால்? அவள் முகத்தை எப்படிப் பார்ப்பேன்? அவளிடமே கேட்டுவிட்டேன். "இப்ப மட்டும் என் முகத்தைப் பார்க்கிறீங்களா?" என்றாள்.

ஜெல் வந்து பதினோரு நாள் ஆகிறது, பீரோவில் சட்டைகளுக்குப் பின்னால் இருக்கிறது. உள்ளே மடித்து வைத்திருக்கும் தாளை மட்டும் எடுத்து பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். புரோஸ்டேட் புற்றுநோய் உள்ளவர்கள் பயன்படுத்தக் கூடாது என்று எறும்பு எழுத்தில் போட்டிருக்கிறது. 'உள்ளவர்கள்' என்றால் நானா, நான் 'இருந்தவன்' இல்லையா? இந்த ஒரு சொல்லோடு நாலு நாள் மல்லுக்கட்டினேன், தமிழ் வாத்தியார் பார்த்திருந்தால் மார்க் போட்டிருப்பார்.

சரி, முடிவு. மூன்று மாதம் போட்டுப் பார்க்கிறேன். ஊசி வேண்டாம், ஜெல்தான். நிறுத்தினால் சில நாளில் அளவு இறங்கிவிடும். தோளில் தடவுவது இல்லை, தொடையில் தடவுகிற ரகம். பேத்தி என் தோளில்தான் தூங்குவாள், தோலோடு தோல் பட்டால் குழந்தைக்கும் ஒட்டுமாம். ஆறாவது வாரம் பிஎஸ்ஏ, மூன்றாவது மாதம் மறுபடி, கூடவே ரத்தம் கெட்டிப்படுகிறதா என்று ஹீமட்டோக்ரிட். அது 54 சதவீதத்தைத் தாண்டினால் நிறுத்த வேண்டும். அந்தக் கொக்கிக் குறி காணாமல் போனால் அன்றைக்கே டப்பா குப்பைக்கு. ஆபரேஷனில் அடிபட்ட நரம்புக்கு இது வைத்தியமில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள், அதனால் நீ ரொம்பக் கற்பனை செய்ய வேண்டாம்.

திங்கட்கிழமை காலையில் டப்பாவைப் பிரிக்கப்போகிறேன். தடுக்க நினைத்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் போன் பண்ணு. பரட்டையிடம் மூச்சு விடாதே, அவன் நாலு பேருக்குச் சொல்லிவிட்டு அப்புறம் எனக்கே வந்து சொல்வான்.

உன்,
குண்டு