மலாவி பிள்ளைகளின் படிப்புக்கு யார் பொறுப்பு?

ஐயா,

பணக்கார நாடுகள் வெளிநாட்டு உதவியை வெட்டிக்கொண்டே போவது வேதனையளிக்கிறது. தேசிய வருமானத்தில் 0.7 சதவீதத்தை வளரும் நாடுகளுக்கு ஒதுக்க வேண்டும் என்று 1970-ல் ஐ.நா. பொதுச் சபை தீர்மானம் நிறைவேற்றியது. அதை எட்டியிருந்த பிரிட்டன் 2021-ல் 0.5 ஆகக் குறைத்தது; 2027-ல் 0.3 ஆக்கப்போவதாக அறிவித்துவிட்டது.

இந்த அடி யார் தலையில் விழும்? 1994-ல் ஆப்பிரிக்க நாடான மலாவியில் தொடக்கக் கல்விக் கட்டணம் ஒழிக்கப்பட்டதும் மாணவர் எண்ணிக்கை ஏறத்தாழ 19 லட்சத்திலிருந்து 30 லட்சத்துக்குத் தாவியது. இடமில்லாமல் மரத்தடியில் வகுப்பு. மழை பிடித்தால் அன்று படிப்பில்லை. பல பள்ளிகளில் முதல் வகுப்பில் ஓர் ஆசிரியர் முன் நூறு பிள்ளைகளுக்கு மேல் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். காலையில் பள்ளியில் ஊற்றும் மக்காச்சோள, சோயா மாவுக் கஞ்சியை நம்பி வரும் பிள்ளைகளும் உண்டு. அந்தக் கஞ்சிக்கும் வெளிநாட்டு உதவி தேவைப்படுகிறது.

கட்டடம் கட்டிப் பெயர்ப்பலகை மாட்டும் ஆர்வம், ஆசிரியர் சம்பளம் என்றதும் கொடையாளர்களிடம் காணாமல் போகிறது. சம்பளம் மாதாமாதம் தர வேண்டியது. ஆகவே உதவியைப் பத்தாண்டுகளுக்காவது உறுதிசெய்ய வேண்டும். ஏழை நாடுகளுக்குக் கடன் தள்ளுபடியும் அவசியம்: 2001-ல் தான்சானியா தொடக்கப் பள்ளிக் கட்டணத்தை நீக்க, அது பெற்ற கடன் நிவாரணம் பெரிதும் கைகொடுத்தது.

– ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்